அறுபத்தாறு புள்ளி மூன்று

சேலையூர் வாராஹி நகர் மூன்றாம் தெருவில் குடியிருந்த அனந்தகிருஷ்ணனிடம் அவர் உடம்பைப் பற்றி யாரும் அதுவரை குறை சொன்னதில்லை. 2009 ஜனவரியில், ஆபீஸில் எல்லாருக்கும் செய்த மருத்துவப் பரிசோதனையில்தான் முதல்முறையாக ஒரு டாக்டர் சொன்னார். வயது நாற்பத்தொன்பது, உயரம் நூற்று அறுபத்தைந்து சென்டிமீட்டர், எடை எழுபத்தாறு கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது.

"பத்து கிலோ குறைச்சா நல்லது சார். கொஞ்சம் நடங்க, சாதத்தைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அனந்தகிருஷ்ணனுக்கு எடை உறுத்தவில்லை. அறிவுரையின் எளிமைதான் உறுத்தியது. அவர் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் புள்ளிவிவரப் பிரிவின் கண்காணிப்பாளர். இருபத்தாறு வருடமாக மாதாந்திர அறிக்கைகளைச் சரிபார்த்து, தசமப் புள்ளி இடம் மாறியிருந்தால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவர். அவரிடம் போய் 'கொஞ்சம்' நடக்கச் சொன்னால்? சாதத்தைக் குறைப்பது என்றால் எத்தனை கிராம், எந்த அடிப்படையில்? வீட்டுக்கு வந்து மனைவி அபிதகுஜாம்பாளிடம், "படிச்சவன் பேசற பேச்சா இது?" என்று கேட்டார். அவள் அன்றைக்குச் சாதத்தை ஒரு கரண்டி குறைத்துப் போட்டாள். அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து மகள் சின்மயி வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பாவின் புலம்பலைக் கேட்டுவிட்டு, தன் செல்போனிலிருந்து அவர் செல்போனுக்கு ப்ளூடூத் வழியாக ஒரு மென்பொருளை அனுப்பினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய திரை, அதில் பச்சை நிறத்தில் ஓர் ஆப்பிள் படம்.

"அப்பா, நீ ஒரு நாளைக்கு எவ்வளவு கலோரி செலவு பண்றேன்னு இது கணக்குப் போடும். அதுலேர்ந்து ஐந்நூறைக் கழிச்சு ஒரு இலக்கு குடுக்கும். சாப்பிடறதையெல்லாம் இதுல போட்டுண்டே வரணும். இலக்குக்குள்ள நிறுத்திண்டா, குறையற ஐந்நூறை உடம்பு கொழுப்புலேர்ந்து எடுத்துக்கும். அவ்ளோதான்."

"டெபிசிட்."

"ஆமா, டெபிசிட்."

"வருஷா வருஷம் பட்ஜெட்ல கேக்கற டெபிசிட்தானே? எனக்கே பாடமா?"

வயது, உயரம், எடை எல்லாம் சரியாகவே உள்ளே போயின. நான்காவது கேள்வியில்தான் வினை வந்தது. உங்கள் அன்றாட உழைப்பு எப்படி என்று கேட்டு, நான்கு வகைகளைக் காட்டியது: பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர், லேசான உழைப்பு, நடுத்தர உழைப்பு, மிகக் கடினமான உழைப்பு. சின்மயி கட்டைவிரலை முதல் வகையின் மேல் வைத்தாள். அனந்தகிருஷ்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் சும்மா உக்காந்திருக்கேன்னு சொல்றியா?"

"ஆபீஸ்ல உக்காந்துதானேப்பா வேலை பாக்கறே?"

"காலம்பற நாலே முக்காலுக்கு எழுந்துக்கறேன். மோட்டார் போடறேன். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்கறேன். எனக்குக் கீழ பதினோரு பேர். அத்தனை பேர் தப்பையும் நான்தான் சுமக்கறேன்." அவர் நான்காவது வகையை அழுத்தினார்.

"அப்பா, அது கல்லு உடைக்கறவா, மூட்டை தூக்கறவாளுக்கு. கீழே போட்டிருக்கு பார்."

"பொறுப்பைத் தூக்கிப் பாரு, அப்ப தெரியும் எது கனம்னு."

திரையில் இலக்கு வந்தது: 2175. சின்மயிக்கு அன்று மாலை பஸ். இதற்கு மேல் வாதாடுவதைவிடத் துணி மடித்து வைப்பது மேல் என்று பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் முதல் அனந்தகிருஷ்ணன் தான் சாப்பிட்டதையெல்லாம் போனில் ஏற்ற ஆரம்பித்தார். அந்த மென்பொருளை எழுதியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். அவர்களுடைய உணவுப் பட்டியலில் இட்லி கிடையாது. தேடித் தேடி 'ரைஸ் கேக்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒன்றுக்கு முப்பத்தைந்து கலோரி. அரிசியில் செய்தது, வட்டமாக இருக்கிறது, அப்புறம் என்ன? அது பொரியை அழுத்திச் செய்த, காற்றைக் கடிப்பது போன்ற ஒரு சில்லு என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. சாம்பார், 'பருப்பு சூப், தண்ணீராக' ஆயிற்று. வெண்பொங்கலை 'ஓட்ஸ் கஞ்சி' என்று போட்டார். ஆபீஸ் கேன்டீன் மெதுவடைக்குப் பட்டியலில் பொருந்தியது, நடுவில் ஓட்டை போட்ட 'டோநட்' என்ற இனிப்புதான். அதன் கலோரியைப் பார்த்ததும் மனம் ஒப்பாமல், 'பீன்ஸ் கட்லெட், சிறியது' என்று மாற்றினார். அபிதா கரண்டியால் விட்ட நெய், போனுக்குள் போகும்போது டீஸ்பூனாகச் சுருங்கியது. மைசூர்பாகு எந்தப் பெயரிலும் அகப்படவில்லை. இல்லாத பொருளுக்குக் கலோரியும் இல்லை என்று அவர் தீர்மானித்தார்.

செலவுக் கணக்கில் அவருக்கு இந்தச் சிக்கனம் கிடையாது. ஸ்டேஷன் படிக்கட்டை 'மலையேற்றம், பத்து நிமிடம்' என்று போட்டார். தாம்பரத்தில்தான் மின்சார ரயில் புறப்படும் என்பதால் தினமும் அவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்துவிடும். இருந்தாலும் கிண்டியில் கூட்டம் மேலே சாயும்போது முழங்கையை ஊன்றி இடத்தைக் காப்பாற்றுவதை 'எடைப் பயிற்சி, லேசானது' என்று சேர்த்தார். ஒவ்வொரு பயிற்சிக்கும் போன் இலக்கைக் கூட்டிக் கொடுத்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மீதி எவ்வளவு என்று பார்ப்பார்.

"அபிதா, இன்னும் முன்னூத்தி நாப்பது பாக்கி இருக்கு. ரெண்டு தோசை வார்த்துடு."

"வயிறு ரொம்பலையா?"

"வயித்தை யார் கேட்டா? விட்டா வீணாப் போயிடும்."

இப்படிச் சாப்பிட்டுக்கொண்டே தான் மெலிந்து வருவதாக அவர் நம்பினார். தினம் ஐந்நூறு குறைகிறது என்று போன் சொல்லும்போது வேறு சாட்சி எதற்கு?

மனிதர் தன்னோடு நிறுத்திக்கொண்டிருந்தால் வாராஹி நகர் தப்பித்திருக்கும். அவர் மற்றவர்கள் தட்டையும் எண்ண ஆரம்பித்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வைத்தீஸ்வரன் தம் பேத்தியின் ஆயுஷ்ஹோமத்தில் ஜாங்கிரியை வாய்க்குக் கொண்டுபோனபோது, பக்கத்து இலையிலிருந்து "முன்னூறு" என்று ஒரு குரல் வந்தது. வைத்தீஸ்வரன் ஜாங்கிரியை வைக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் விழித்தார். தெருவில் அனந்தகிருஷ்ணன் வருவதைப் பார்த்தால் ஜனங்கள் கையிலிருந்த பஜ்ஜிப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். அபிதாவுக்கும் ஓர் இலக்கு போட்டுக் கொடுத்தார், ஆயிரத்து இருநூறு. எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை நின்றபடியே சாப்பிட்டு முடிக்கிறவள் அவள். "நீ என்ன சாப்பிடறேங்கறதுக்கு ஒரு ரெக்கார்டே இல்லையே" என்று அவர் குறைப்பட்டார். அவள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கொஞ்சம் கூடியது.

ஏப்ரலில் கேம்ப் ரோட்டில் தையல் கடை வைத்திருக்கும் ஹனீஃபாவிடம் இரண்டு பேன்ட்டுகளைக் கொண்டுபோனார். இருபது வருடமாக அவருக்குத் தைப்பவர் ஹனீஃபா.

"இடுப்புல கொஞ்சம் விட்டுக் குடுங்க பாய். வாஷிங் மெஷின்ல போட்டுச் சுருங்கிப்போச்சு."

ஹனீஃபா பேன்ட்டைத் திருப்பி உள்மடிப்பைப் பார்த்தார். "சார், பிப்ரவரியில ஒரு இன்ச் விட்டேன். இனிமே விட இதுல துணி இல்ல."

"நான் இளைச்சுண்டு வரேன் பாய். கணக்கு இருக்கு."

"இருக்கட்டும் சார். கணக்கு போன்ல இருக்கு, இடுப்பு இங்கதானே இருக்கு? டேப்பு வைக்கட்டுமா?"

அனந்தகிருஷ்ணன் டேப்பை அனுமதிக்கவில்லை. மே மாதம் தாம்பரம் ஸ்டேஷனில், கலர் விளக்கு சுற்றும் எடை மெஷினில் ஒருநாள் யதேச்சையாக ஏறினார். அட்டை எழுபத்தெட்டு என்றது. பின்பக்கத்தில், 'உங்கள் நேர்மை உங்களை உயர்த்தும்' என்று அச்சாகியிருந்தது. ஜோசியத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு எடையை மட்டும் நிராகரித்தார். ரயில் அதிர்வில் மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்பது அவர் முடிவு.

ஜூன் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்தில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. இரண்டாம் தெருவில் இருக்கும் பியூலா ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அவள்தான் புது டிஜிட்டல் எடை மெஷினும் ரத்த அழுத்தக் கருவியும் கொண்டுவந்து முன்னின்று நடத்தினாள். தொடக்கமாக ஐந்து நிமிடம் பேச அனந்தகிருஷ்ணன் தாமாகவே முன்வந்தார். இருபது நிமிடம் பேசினார்.

"நூத்தி ஐம்பது நாள். தினம் ஐந்நூறு. ஆக எழுபத்தைந்தாயிரம் கலோரி. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏழாயிரத்து எழுநூறு. வகுத்தா ஒன்பது புள்ளி ஏழு கிலோ. எழுபத்தாறுலேர்ந்து கழிச்சுப் பாருங்கோ. இப்ப என் எடை அறுபத்தாறு புள்ளி மூணு. அந்த மெஷின் இப்ப அதைத்தான் காட்டப்போறது."

மேடையிலிருந்து இறங்கி மெஷினில் ஏறினார். நாற்பது பேர் எட்டிப் பார்த்தார்கள்.

எழுபத்தொன்பது புள்ளி நான்கு.

சங்கக் கட்டடத்தின் மின்விசிறி கிறீச்சிடுவது திடீரென்று எல்லாருக்கும் கேட்டது. அனந்தகிருஷ்ணன் இறங்கினார். வாட்சைக் கழற்றி அபிதாவிடம் கொடுத்தார். பெல்ட்டைக் கழற்றினார். போனையும் கொடுத்தார். மறுபடி ஏறினார். எழுபத்தொன்பது புள்ளி இரண்டு.

"மெஷின் சரியில்லை."

"இன்னிக்குத்தான் சார் டப்பாவைப் பிரிச்சேன்" என்றாள் பியூலா.

"புதுசுன்னா சரியா இருக்கணும்னு சட்டமா? எதையாவது நிறுத்துப் பாருங்கோ."

வைத்தீஸ்வரன் இதற்காகவே ஐந்து மாதம் காத்திருந்தவர் போல எழுந்து, எதிர்த்த மளிகைக் கடை ஞானையாவைக் குரல்கொடுத்துக் கூப்பிட்டார். ஞானையா பத்து கிலோ அரிசிப் பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். "தைச்ச பை சார், இன்னும் பிரிக்கல" என்று சொல்லி மெஷினில் வைத்தார். பத்து புள்ளி பூஜ்யம் என்று காட்டியது. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். அரிசிக்குத்தான் தட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பியூலா சிரிக்கவில்லை. அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, போனை வாங்கிப் பார்த்தாள்.

"காலையில ரைஸ் கேக் அஞ்சு. எங்க சார் வாங்குறீங்க?"

"அது இட்லி."

"இட்லியா? நம்ம வீட்டு இட்லி ஒண்ணு அறுபதுக்கு மேல வரும் சார். கஞ்சி?"

"வெண்பொங்கல்."

"நெய், முந்திரியோட?"

அனந்தகிருஷ்ணன் மின்விசிறியைப் பார்த்தார். பியூலா இன்னும் நான்கு பட்டன்களை அழுத்தி உள்ளே போனாள். உழைப்பு வகையில் போய் நின்றாள்.

"சார், நீங்க ஆபீஸர்தானே? இதுல மூட்டை தூக்குறவங்க வகையில போட்டிருக்கீங்களே?"

"கடினமான உழைப்புன்னு போட்டிருந்தது. நான் உழைக்கறவன்."

"உழைக்கிறீங்க சார், யாரு இல்லேன்னா? ஆனா இது உடம்பு அசையறதைத்தான் கேக்குது. மூட்டை தூக்குறவர் ஒரு நாளைக்குச் செலவு பண்றதை உங்க பேருக்குப் போட்டு, அதுலேர்ந்து ஐந்நூறு கழிச்சுக் குடுத்திருக்கு. உங்களுக்கு அவ்வளவு செலவே கிடையாது. அதுக்கு மேல மலையேற்றம்னு வேற எதையோ கூட்டியிருக்கீங்க. எந்த மலை சார்?"

"ஸ்டேஷன்" என்று அபிதா சொன்னாள். அன்று காலை அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பியூலா முதல் வகையைத் தேர்ந்தெடுத்து, எடையைத் திருத்தினாள். இலக்கு 1400 என்று மாறியது. "இனிமே இதுதான் உங்க நம்பர். ஐந்நூறு குறைச்சதுக்கு அப்புறம் வந்தது." சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். திரையின் தலையில் அவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே அவர் யார் என்று எழுதியிருந்தது: பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்.

பதின்மூன்று கிலோ வித்தியாசத்தைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். இந்த இரண்டு வார்த்தைகள்தான் நெஞ்சில் போய் உட்கார்ந்தன. இருபத்தாறு வருட சர்வீஸ், ஒருநாள் தாமதம் கிடையாது, ஒரு மெமோ கிடையாது. கடைசியில் ஒரு போன் அவரைச் சுருக்கமாக எழுதிவிட்டது. வீட்டுக்கு நடக்கும்போது பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார். பெல்ட் அபிதாவின் கையிலேயே இருந்தது. இடுப்பு இருந்த இறுக்கத்துக்குப் பிடித்துக்கொள்ளத் தேவையில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. பாதி வழியில் கையை எடுத்துவிட்டார்.

அன்று மத்தியானம் முதல்முறையாக, முந்தின நாள் சாப்பிட்டது முழுவதையும் ஒளிக்காமல் போனில் ஏற்றினார். அபிதா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"காபிக்கு எவ்வளவு சர்க்கரை போடறே?"

"ரெண்டரை ஸ்பூன்."

"ஒண்ணுன்னுதானே நான் போட்டுண்டிருக்கேன்!"

"என்னைக் கேட்டேளா?"

"ரசத்துக்கு நெய்?"

"குழிக்கரண்டி. டீஸ்பூனால விட்டா, நெய்யே விடலைன்னு தட்டைத் தள்ளுவேளே."

நாலு காபி, பொங்கல், வடை, சாயங்காலக் கடலை, மீதிக்காக வார்த்த தோசை. எல்லாம் சேர்ந்து 2430 என்று வந்தது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். அவருக்குக் கீழே இருக்கும் பதினோரு பேரில் யாராவது இப்படி ஓர் அறிக்கை கொண்டுவந்திருந்தால், சிவப்பு மை காய்வதற்குள் விளக்கம் கேட்டிருப்பார்.

அவமானப்பட்டவர் நிதானமாகத் திருந்துவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஆயிரத்து நானூறு என்றால் மெதுவாகத்தான் இறங்கும். ஊர் அதுவரை சிரித்துக்கொண்டிருக்கும். ஆகவே அதிலிருந்தும் தாமாகவே இன்னோர் ஐந்நூறைக் கழித்தார். ஏற்கனவே கழித்துத்தான் கொடுத்திருக்கிறது என்று பியூலா சொன்னதைக் காது கேட்டிருந்தது, ரோஷம் கேட்கவில்லை. தினம் தொள்ளாயிரத்தில் மூன்று நாள் ஓட்டினார். ஆபீஸில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தார். நான்காம் நாள் காலை தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில், அவருடைய அந்த மலையில், பாதி ஏறியதும் கண் இருண்டது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

படிக்கட்டின் கீழே கூடை வைத்துப் பழம் விற்கும் ரத்தினபாய்தான் முதலில் ஓடி வந்தாள்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துப் போயி கீது? துன்னாம வந்துகினியா?"

"டயட்" என்றார் ஈன சுரத்தில்.

"டயட்டு நாசமா போவ. இந்தா, இத்த துன்னு." வாழைப்பழத்தை உரித்து அவர் கையில் திணித்தாள்.

அனந்தகிருஷ்ணன் பழத்தைப் பார்த்தார். தலை சுற்றிக்கொண்டிருந்தாலும் பழக்கம் விடவில்லை. போனில் வாழைப்பழத்துக்குச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று இருக்கும்.

"இது சின்னதா, மீடியமா?"

ரத்தினபாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "மயங்கி வுயுந்தவனுக்குக் குட்த்தா சைஸு கேக்குறியே! உன்னோட பேஜாரா போச்சு. துன்னுட்டு வூட்டுக்குப் போ சார், பொஞ்சாதி தேடப்போவுது."

அவர் அதைத் தின்றார். இன்னொன்றும் கேட்டுத் தின்றார். ஐந்து மாதத்தில் முதல்முறையாக, தின்றதைப் போனில் போட மறந்துபோனார்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தார். இட்லி ஐந்து மூன்றாயிற்று. போனில் அதை அறுபத்தைந்து என்று அவரே தனியாக எழுதிச் சேர்த்துக்கொண்டார். ரயிலில் பல்லாவரம் வரை நின்றுகொண்டு போனார். அதை எடைப் பயிற்சி என்று போடவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சின்மயி வந்தபோது எடை எழுபத்து நான்கு. அறுபத்தாறு புள்ளி மூன்றை அவர் ஒருநாளும் எட்டவில்லை. ஆனாலும், "நிறைய பேர் இந்த உழைப்பு வகையிலதான் தப்பு பண்றா" என்று மகளுக்கே விளக்கினார். அவர் எந்த வகை என்று ரயில் சிநேகிதர்கள் கேட்டால், 'மூளை உழைப்பு' என்பார். அப்படி ஒரு வகை எந்த மென்பொருளிலும் கிடையாது.

நாலாவது காபியை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். சாயங்காலம் பால் மீந்ததால் அபிதா அதைத் தனக்குக் கலந்துகொண்டு, கூடத்தில் அவருக்கு எதிரே உட்கார்ந்து குடிக்கும் வழக்கம் வந்தது. முதல் நாள் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "நூத்திப் பத்து" என்றார்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய், இன்னும் அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்த்துக்கொண்டே குடித்து முடித்தாள்.